சதியாவிலிருந்து வந்த கடிதம்

1950ஆம் வருடம், சுதந்திர தினம் முடிந்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ. அப்போது நான் ஓசூரில் பூகோள வாத்தியார். பெங்களூர் பஸ்ஸில் வந்த பேப்பரில் அசாமில் பெரிய பூகம்பம் என்று போட்டிருந்தது. மலைகள் சரிந்து ஆறுகளை அடைத்துக்கொண்டதாகவும், அடைப்பு உடைந்து வெள்ளம் ஊர்களை அடித்துப் போனதாகவும் அடுத்தடுத்த நாட்களில் செய்தி வந்தது.

அந்த வாரமே ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார்கள். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். அவள் புருஷன் யுத்த காலத்தில் அசாமுக்கு லாரி ஓட்டப் போனவர், அங்கேயே சதியா என்ற ஊரில் ஒரு மரக்கிடங்கில் வேலைக்கு நின்றுவிட்டார்.

"அந்த ஊரு எங்கிருக்குதுங்க சார்?" என்றாள்.

நான் சுவரில் உலகப் படத்தை மாட்டினேன். ஜப்பான், சிலி, துருக்கி என்று பூகம்பம் வரும் இடங்களை வரிசையாகத் தொட்டுக் காட்டினேன். பூமி ஆறிச் சுருங்கும்போது மேல் ஓடு மடிந்து மலையாகிறது, மடிந்த இடம் பலவீனமானது, அதனால் இமயமலை அடிவாரம் குலுங்குகிறது என்றேன். நம் பக்கம் பழைய கெட்டிப் பாறை, அவ்வளவாக அசையாது என்றும் சொன்னேன். பாடம் நன்றாக வந்துகொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கடைசியில் சதியாவின்மேல் விரலை வைத்து, "குலுக்கலும் இங்கேதான், வெள்ளமும் இங்கேதான்" என்றேன்.

அண்ணன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே, "நான் ரயிலேறிப் போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்றார்.

"அங்கே ரயில் பாதையெல்லாம் உடைஞ்சு கிடக்குது. போய் என்ன செய்யப்போறீங்க? அந்த இடத்துல யாரும் பிழைச்சிருக்க முடியாது. மனசைத் தேத்திக்குங்க."

இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் காத்திருந்துவிட்டுக் கருமாதி செய்தார்கள். அவள் தாலியைக் கழற்றினாள்.

கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னிடமே கொண்டுவந்தார்கள். அசாமில் திப்ருகர் ஆஸ்பத்திரியில் யாரோ அவள் புருஷனுக்காக எழுதியது. கால் நசுங்கி, புண் ஆறாமல், காய்ச்சலோடு படுத்திருக்கிறார். முன்பு எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்தனவா? மச்சானை உடனே அனுப்பவும்.

படித்துத் தமிழில் சொன்னேன். அவள் வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதானே சார் கழட்டுனேன்."

அன்றே அண்ணன் பெங்களூர் போய் ரயிலேறினார். ரயிலும் படகுமாக மாறி மாறி அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. "தமிழ் தெரிஞ்ச ஆளு அங்க ஒருத்தரும் இல்லீங்களாம். யார் உள்ள வந்தாலும் 'மச்சானா'ன்னு கேப்பாராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவளை அதற்குப் பிறகு சந்தையில் பலமுறை பார்த்தேன். ஒருமுறைகூட எதிரில் போய் நிற்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பல வருடங்கள் கழித்து, பூமி சுருங்குவதால் அல்ல, பெரிய நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதால்தான் அங்கே அதிர்கிறது என்று படித்தேன். அன்று நான் அத்தனை உறுதியாகச் சொன்ன காரணமும் தப்பு. அதைத் திருத்திக்கொண்டு மாணவர்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். பூமி எங்கே நடுங்கும், ஏன் நடுங்கும் என்று இன்று கேட்டாலும் சொல்வேன். புறப்படத் தயாராக நின்ற ஒரு மனிதரை ஏன் தடுத்தேன் என்பதற்குத்தான் இந்த வயதிலும் என்னிடம் பதில் இல்லை.