ஊசி போட்டாச்சு... இட்லி வேகவில்லை

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்தார். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். டாக்டர் உத்தரவு. அடுப்பில் இட்லி.

அன்றைக்கென்று பார்த்து கேஸ் தீர்ந்துபோனது. மாற்று சிலிண்டரா? பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம்...

பரணிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கினேன். திரி கருகிக் கிடந்தது. "மெதுவாச் செய் அம்மணி, எனக்கொண்ணும் அவசரமில்லை" என்றார் இவர். புதுத் திரி கோத்துவிட்டு நிமிர்ந்தால் — பேப்பர் தரையில். சட்டை முழுக்க ஈரம். மார்கழிக் குளிரில் வியர்வையா?

"ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?"

யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

மயக்கமோ என்று சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து டம்ளரை நீட்டினேன். தட்டிவிட்டார். "எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு... தெரியாதா உனக்கு?" நாக்கு குழறியது. சர்க்கரைக்குப் பயந்தே பழகிய மனிதர். புத்தி தடுமாறும்போதுகூட அந்தப் பயம் மட்டும் தடுமாறவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா ஓடி வந்தார். மறுபடி கரைத்த தண்ணீரை என் கையிலிருந்து வாங்கி, இவர் முன்னால் குனிந்தார்.

"தம்பி, இது மருந்துங்க. ஒரே மொடக்கு. அக்கா சொல்றேன்ல?"

குடித்தார். டம்ளர் காலியாகும்வரை நான் மூச்சு விட்டேனா, தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. "இதோட உட்டா சக்கரை மறுபடியும் எறங்கிப்போயிரும் கண்ணு. வயித்துக்கு ஏதாச்சும் போடோணும்" என்று போன அக்கா, ஒரு கிண்ணத்தோடு திரும்பினார்.

ஓட்ஸ்! காலேஜ் போகும் தன் மகளுக்கு அக்கா வைத்திருந்தது. அந்தப் பெண் காந்திபுரம் போய் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட நேரம் ஏது? அதனால் முந்தின நாளே காய்ச்சி ஆறிய பாலில் ஓட்ஸைப் போட்டு மூடி பிரிட்ஜில் வைத்துவிடுவாராம். விடிந்ததும் ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் முடிந்தது. அடுப்பே வேண்டாம்.

இவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். "என்னுங்கக்கா, சில்லுன்னு இருக்குது..."

அவர் குறை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றே டாக்டரிடம் போனோம். சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு நடுங்கியிருக்கிறோம். இறங்கினால்? அதை நாங்கள் காதிலேயே வாங்கவில்லை என்று இரண்டு பேருக்கும் சேர்த்து டோஸ் விட்டார். ஓட்ஸுக்கு மட்டும் தலையாட்டினார் — பாலோ மோரோ போதும், சர்க்கரை போடக் கூடாது.

இப்போதெல்லாம் சாயங்காலமே ஊறப்போட்டுவிடுகிறேன். காலையில் கிண்ணம் மேஜைக்கு வந்த பிறகுதான் ஊசி.

"இதெல்லாம் ஒரு டிபனா?" என்று தினமும் முறைக்கிறார். முறைக்கட்டும்... எதிரில் உட்கார்ந்து முறைக்கிறாரே, அது போதும்.