முதலாம் வரிசையிலேயே நிற்கிறேன்

சனிக்கிழமை காலைகளில், கனடாவில் பிரெஞ்சு பேசும் புரோசார்ட் நகரில், ஒரு கட்டடத்தின் நிலவறையில், என் மகள் வயதுள்ள பெண்ணொருத்திக்குக் கைகுவித்து வணக்கம் வைக்கிறேன். ஐம்பத்துநான்கு வயதில் இது இன்னும் பழகவில்லை. அவள் பெயர் மெய்லின். பெற்றோர் ஹொங்கொங், அவள் பிறந்தது இங்கே. குங்ஃபூவைப் பிரெஞ்சில் கற்பிக்கிறாள். துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறி ஓட்டி இடுப்புப் பிடித்துக்கொண்டதால், டொக்டர் சொல்லிப் போனேன். அங்கே எல்லாம் வரிசைகள். வரிசை என்றால், குறித்த ஒழுங்கில் வரும் அசைவுகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியே செய்துகாட்டுவது. முதலாவது கைவந்தால்தான் இரண்டாவது. முதலாவதை இரண்டு மாதத்தில் பாடமாக்கிவிட்டேன். ஒன்றரை வருடமாகியும் இரண்டாவது வரவில்லை.

எனக்குப் பின் சேர்ந்த சீனர் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டாள். அன்றே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தங்கள் ஆளுக்கு ஒன்று, எங்களுக்கு இன்னொன்று.

"உங்களுக்கு ஆரிலைதான் சந்தேகமில்லை? அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது?" என்றாள் மனைவி ராணி.

"உனக்கு விளங்காது. எங்கடை ஆக்களெண்டால் ஒரு மாதிரித்தான் பாக்கினம்."

யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் படித்தவன் நான். வாத்தியார் பாடத்தை முடிக்காவிட்டால், சிநேகிதனின் கொப்பியைப் பார்த்து நாங்களே முடிப்போம்; சோதனையில் புள்ளியும் வரும். இங்கும் அதே வேலையைப் பார்த்தேன். அந்தச் சீனரின் பயிற்சியைக் களவாகப் போனில் எடுத்து, வீட்டில் சோபாவைத் தள்ளிவைத்து, மூன்று கிழமையில் முழுவதையும் பாடமாக்கினேன். அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னிலும் செய்துகாட்டினேன்.

மெய்லின் கடைசிவரை பார்த்தாள். ஓர் அசைவும் தவறவில்லை. பிறகு முதலாம் வரிசையின் முதல் நிலையில் நிற்கச் சொன்னாள்: முன்கால் மடிந்து, பின்கால் நீண்டு, உடற்பாரம் முன்னுக்கு. என் நெஞ்சில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினாள். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஊ அலே-வூ, மொஸ்யூ?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

வெளியே போ என்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். இத்தனை நாளும் எதிர்பார்த்ததுதானே! சப்பாத்தைத் தேடிப் போனவனின் பின்னால் ஓடிவந்தாள்.

"நோன், நோன்! உங்கள் பாரம் எங்கே போகிறது என்று கேட்டேன். அது எப்போதும் பின்காலில். ஓடத் தயாராக நிற்கிறீர்கள். முதலாவது வரிசை நிற்கப் பழக்குகிறது. இரண்டாவது, அந்த நிலை குலையாமல் திரும்ப. மூன்றாவது, மற்றவர் தள்ளுவதை உள்வாங்க. நிற்காதவருக்கு இரண்டாவது வெறும் நடனம்."

அவள் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. அந்தச் சீனரிடம் கேட்டு, அவரையும் தள்ளிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வயதில், ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றபோது பழகியது அந்த நிற்கும் விதம்: கை முன்னுக்கு, பாரம் பின்னுக்கு. ஒவ்வொரு நாளும் செய்து செய்தே வந்தது. அதுவும் ஒரு வரிசைதான். மெற்றோவில் கதவோரம் நிற்பது, பள்ளிக்கூடக் கூட்டத்தில் கடைசிக் கதிரை, வேலையிடத்தில் சிரிப்பவன் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பது எல்லாம் அதன் அடுத்தடுத்த படிகள். அந்தக் கலையில் எனக்கு முப்பத்தைந்து வருடத் தேர்ச்சி.

போன சனிக்கிழமை மெய்லின் மறுபடி விரலை வைத்தாள். கனடாவுக்கு வந்து இருபத்தாறு வருடம். பாரத்தை மெல்ல முன்காலுக்குக் கொண்டுவந்தேன். பாதி வந்தது. மற்றப் பாதி பின்காலின் குதியிலேயே நின்றுகொண்டது, கூப்பிட்டும் வரவில்லை.