நாக்கில் வைத்துப் பார்த்த மருந்து

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.40-க்கு நானும் என் மனைவி பகவதியும் நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். திருவனந்தபுரத்துக்கு 71 கிலோமீட்டர்; சாதாரண டிக்கெட் ஆளுக்கு 45 ரூபாய். பகவதி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்காமல் போய், சாக்பீஸ் பிடிக்க முடியாமல் ஐந்து மாதமாக விடுப்பில் இருந்தாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கை தேறாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு நாள் சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரையோடு ஆயுர்வேத மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் குணம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரிக் காப்சூலில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வெளி மருந்து எதையும் தொடக்கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு மூன்றாவது பரிசோதனை.

8.20-க்குத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், அறுபது ரூபாய். ஓட்டியவர் வள்ளியூர்க்காரர். பகவதியின் விரல்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"வாதமா அண்ணாச்சி? கல்லாத்துல ஒரு வைத்தியரு இருக்காரு. எங்க அம்மை படுத்த படுக்கையா கெடந்தா. இப்ப சந்தைக்குத் தனியா போயிட்டு வாரா, பாத்துக்கிடுங்க."

9.30. பகவதி உள்ளே போனாள். நான் காப்சூல் டப்பாவோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வடசேரியில் முப்பது வருடம் நாட்டு மருந்துக் கடை நடத்தியவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் நாக்கில் வைத்து மருந்தைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர். சும்மா இருந்து தொலைத்திருக்கலாம். ஒரு காப்சூலைத் திறந்து தூளைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பில்லை, காரமில்லை, துவர்ப்புகூட இல்லை. அடப்பாவிகளா, மாவு! ஜூனுக்கு நாலு மாதம்தான் இருக்கிறது, இவர்கள் மாவைக் கொடுத்து நாளைக் கடத்துகிறார்களே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. பகவதி சிரித்த முகமாக வெளியே வந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அதெல்லாம் அப்புறம் ஆகட்டும் என்று, கரமனையில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் கொண்டு விட்டேன்.

ஆட்டோக்காரர் சொன்ன வைத்தியரைத் தேடி 11.20-க்குப் பொன்முடி பஸ் ஏறினேன். நெடுமங்காடு, விதுரா வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கண்டக்டர் 52 ரூபாய்க்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே, "கல்லாறு மட்டும் போதுமோ? மேலே நல்ல மஞ்ஞாணு சாரே" என்றார். மலையில் மூடுபனியாம். நான் எங்கே பனி பார்க்கப் போனேன்! கல்லாற்றில் உருண்டைக் கற்களுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி நின்றார்கள். அதை நின்று பார்க்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

வைத்தியர் நிதானமான மனுஷர். நோயைக் கேட்டார், வயதைக் கேட்டார். கடைசியில், "இங்கிலீஷ் மருந்து வல்லதும் கழிக்குந்நுண்டோ?" என்றார். இங்கிலீஷ் மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்கிறார். ஆமாம் என்றால் தரமாட்டார். "இல்லை" என்றேன். இரண்டு பாட்டில் கஷாயம், எழுநூறு ரூபாய். ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். கசப்பு உச்சியைத் தொட்டது. இதுதான் மருந்து என்று அசடு மாதிரி சந்தோஷப்பட்டேன். பகவதியிடம், "டாக்டரம்மா போன் பண்ணி, இதையும் சேத்துக் குடிக்கச் சொன்னா" என்று சொன்னேன். அவள் என்னை நம்பினாள்.

மார்ச் முதல் வாரம், அதே ரயில். வாசலோடு நிற்காமல் இந்த முறை நானும் உள்ளே போனேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லீரல் என்சைம் அளவு மூன்று மடங்கு ஏறியிருந்தது.

"டீச்சரே, வேற மருந்து எதாவது குடிச்சோ? பயப்படாம பறயணும்."

"நீங்க சொன்ன அந்தக் கஷாயம் மட்டுந்தான் டாக்டர்," என்றாள் பகவதி.

"நான் கஷாயம் ஒண்ணும் சொல்லலையே?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். காப்சூலைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். டாக்டர் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. "ருசி பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் சார், ரெண்டையும் ஒரே ருசியில செஞ்சது" என்றார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். பிரஷர் பார்க்கும் பையைக் கையால் அமுக்கச் சொல்லி, விரல் பலத்தை ஒவ்வொரு தடவையும் குறித்திருந்தார்கள். முதல் தடவை நாற்பது. மூன்றாம் தடவை எழுபது. நான் வெளியே தூளை நக்கிக்கொண்டிருந்தபோது குறித்தது அந்த எழுபது.

அன்றோடு காப்சூலும் நின்றது, இங்கிலீஷ் மாத்திரையும் நின்றது. அந்த என்சைம் அளவு இறங்கும்வரை வலிக்கு எதுவும் பெரிதாகக் கொடுக்க முடியாது என்றார். அவள் சாப்பிட்டது மருந்தா மாவா என்று கேட்டேன். ஆய்வு முழுக்க முடிகிறவரை தனக்கும் தெரியாது என்றார்.

மாலை 5.10-க்குத் திரும்பும் ரயில். நெய்யாற்றின்கரை தாண்டியதும் பகவதி என் பக்கம் திரும்பினாள்.

"மருந்தோ மாவோ, எனக்குக் கை மடங்கிச்சு. அத அன்னைக்கே சொல்ல வந்தேன். எனக்க கையப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"தப்புதான் பகவதி," என்றேன்.

விரல்கள் பழையபடி இறுகிவிட்டன. மே கடைசியில் விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பத்தை அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"உடல்நிலைன்னு போடுங்க," என்றாள்.

போட்டேன். பேனாவை இரண்டு கையாலும் பிடித்து அவள் கையெழுத்துப் போட்டாள்.