கவுன்சிலர் பிடுங்கிய ஒரே செடி

ஆகாயத்தாமரையைப் போல வெட்கங்கெட்ட ஜன்மம் வேறு கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் அசோசியேஷன் செயலாளரைச் சரியாகப் பார்க்கும்வரை.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்கோடிக் குளத்தை அந்தச் செடி முழுக்க மூடிக் கிடந்தது. தண்ணீரே தெரியாது, கொசு மட்டும் தாராளம். பக்கத்து வீட்டுக் கோமதியின் மகள் டெங்குவில் படுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் கோமதியின் தங்கையும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஞாயிறு முழுக்கப் பிடுங்கிக் கரையில் குவித்தோம்.

மறுநாள் காலையில் செயலாளர் ஆள் வைத்து, குவித்ததையெல்லாம் திரும்பக் குளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"கவுன்சிலர் தொடங்கி வைக்க வரார், மாமி. குளம் காலியா கெடந்தா சுத்தம் பண்றதை எப்படி உத்காடனம் பண்றது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கப்படாதோ?"

"அங்க கொழந்தை ஆஸ்பத்திரில கெடக்கா, சார்."

"அதுக்குத்தானே இந்த விழா, பரிபாடி எல்லாமே!"

கவுன்சிலர் வந்தார். கையுறை மாட்டி ஒரே ஒரு செடியைப் பிடுங்கி கேமராவுக்குக் காட்டினார். கைதட்டல், சாயா, பழம்பொரி. பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். செடி போகவில்லை.

குழந்தை தேறி வந்துவிட்டாள். குளம் நிறைய ஊதாப்பூ. செயலாளர் அதைப் படமெடுத்து, குரூப்பில் காலை வணக்கம் அனுப்பினார்.

அன்றைக்கே மறுபடி இறங்கினோம், இந்த முறை கோமதியும் சேர்ந்து. பிடுங்கியதைக் கரையில் வைக்கவில்லை. செயலாளர் வீட்டு வாசலை அடைத்துக் குவித்தோம். அடுத்த உத்காடனத்துக்குச் செடி தேடி அவர் அலைய வேண்டாம் பாருங்கள்.