வலமும் இடமும் பார்த்த கரடி

நம்பிராஜன் எந்தப் பாதையையும் சும்மா கடந்ததில்லை. ஓரத்தில் நிற்பார். கையை நீட்டி வலப்பக்கம் சுட்டி "ரைட் ஓகே" என்பார். இடப்பக்கம் சுட்டி "லெஃப்ட் ஓகே" என்பார். நேரே சுட்டி "ஸ்ட்ரெய்ட் ஓகே" என்பார். அதன் பிறகுதான் கால் நகரும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. கம்பெனிக்குள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டும் எவரும் அப்படிச் செய்தாக வேண்டும். மற்றவர்கள் கேட்டைவிட்டு வெளியே வரும்போது தலைக்கவசத்தோடு சேர்த்து இதையும் கழற்றி வைத்துவிடுவார்கள். நம்பிராஜனுக்குக் கழற்ற வரவில்லை. சேர்ந்த இரண்டாம் வருடம் சரக்கு தூக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் அவருடைய இடது பூட்ஸ் மேல் ஏறி இறங்கியது. பூட்ஸின் முனையில் இருந்த இரும்பு காப்பாற்றியது, ஐந்து விரலும் பிழைத்தன. அன்றிலிருந்து, அறை எடுத்துத் தங்கியிருந்த வல்லம் வடகாலில் டீ குடிக்கப் போனாலும், அறைக்கும் பொதுக் குளியலறைக்கும் நடுவே உள்ள இரண்டடிச் சந்தைத் தாண்டினாலும், கை தானாக எழும்பிவிடும். சோப்பு டப்பாவும் துண்டுமாக நின்று "ரைட் ஓகே" சொல்லும் மனிதரை அந்தக் காம்பவுண்டில் இருந்தவர்கள் முதல் மாதம் பார்த்துச் சிரித்தார்கள், இரண்டாம் மாதம் வழிவிட்டார்கள்.

அவருடைய ஊர் வள்ளியூர் பக்கம். மனைவி மாடத்தியும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் மதிவதனியும் அங்கேதான். பொங்கலுக்கு ஒன்று, கோயில் கொடைக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு முறை போவார். போனால், தெருவைக் கடக்கும் அப்பாவின் பின்னால் நின்று மதிவதனியும் கையை நீட்டுவாள். மாடத்திக்கு மானம் போகும். "பெத்ததும் பிறந்ததும் ஒரே கிறுக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அந்த நான்கைந்து நாள் விளையாட்டைத் தவிர, அப்பா என்ன செய்கிறார் என்று மகளுக்கு ஒன்றும் தெரியாது. காரின் அடியில் யாரும் பார்க்காத இடத்தில் மாட்டுகிற ஒரு இரும்புத் துண்டை அப்பா செய்கிறார் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்?

போன வருடம் புது மாடலுக்காக லைனை ஒரு வாரம் நிறுத்தினார்கள். வேலையில்லாமல் அறையில் கிடந்த நம்பிராஜனைத் தேடி ரகு வந்தான். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் உள்ளூர்க்காரன்.

"இன்னா நம்பி, சும்மாதான கீற? சினிமால ஆள் கேக்கறாங்க. கொயந்தைங்க படம்."

"எனக்கு நடிக்கத் தெரியாதே."

"உன்ன யாரு நடிக்கச் சொன்னா? கரடி வேசம். உள்ள பூந்துக்கினு ஓடணும், அவ்ளோதான்."

கதை காட்டில் நடக்கிறது. நிஜக் காட்டில் படமெடுக்க அனுமதி கேட்டுப் போன இடத்தில் கொடுத்த படிவங்களை அடுக்கினாலே ஒரு காடு தேறும் என்று பயந்து, தயாரிப்பாளர் வல்லம் வடகாலுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனிக்காக வளைத்து, அந்தக் கம்பெனி வராமலே போன நிலம் அது. தைலமரமும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடந்தது. கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் தண்ணீர் டேங்க், இடப்பக்கம் திருப்பினால் தகரக் கொட்டகைகள். ஆக, அந்த அடர்ந்த கானகத்தின் மொத்த அகலம் நாற்பது தப்படி.

நம்பிராஜன் அன்று மாலையே வீட்டுக்கு போன் போட்டார். மதிவதனி வாங்கிக் கேட்ட முதல் கேள்வி, "எப்பா, ஒங்க மூஞ்சி தெரியுமா?"

அவர் தயங்கினார். "ஏம்ட்டி?"

"எங்கப்பா சினிமால நடிக்காவன்னு கிளாஸ்ல சொன்னா வேல்விழி பொய்யிம்பா. ஒங்களயே அவ பாத்தது கெடயாது. நீங்களே பொய்யின்னு சொல்லுதா."

அப்பா என்ற ஆளே பொய் என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது. நம்பிராஜன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "தெரியும்ட்டி. நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் டைரக்டர் வசந்தகுமாரிடம் போய் நின்றார். வசந்தகுமார் மோசமான ஆள் இல்லை. ஆனால் படப்பிடிப்பின் முதல் நாளான அன்று காலையிலேயே, காட்டை அடர்த்தியாக்கக் கட்டி வைத்திருந்த வாழை இலை, வேப்பங்கொப்பு எல்லாவற்றையும் பக்கத்து ஆடுகள் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. அந்த எரிச்சலில் இருந்தார். நம்பிராஜன் விஷயத்தைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் இளகினார். "கடைசில ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் கையசைச்சு வழியனுப்புற மாதிரி ஒரு ஷாட் இருக்கு. அத நீங்களே பண்ணிடுங்க. ஆனா கரடிய ஒழுங்கா முடிச்சுக் குடுக்கணும்." நம்பிராஜன் அன்றே முடி வெட்டி, மீசையை ஒழுங்கு செய்துகொண்டார்.

புலி வேடம் நயினாருக்கு. நம்பிராஜனின் அறைத்தோழன், ஊரும் பக்கத்து ஊர். எட்டு வருடமாக மாறி மாறி மூன்று ஷிஃப்டும் பார்த்ததில், படுக்கச் சொன்னால் படுத்த இடத்தில் தூங்கிவிடும் வரம் பெற்றவன். புதரில் பதுங்கியிருக்கும் புலி என்று காட்சி. "ஆக்‌ஷன்" சொல்வதற்குள் புதரிலிருந்து குறட்டை வந்தது. சவுண்டு எடுப்பவர் அதை உறுமல் என்று நம்பி "பிரமாதம்" என்றார். இது போக, பேசும் மரங்கள் எட்டு, மான் இரண்டு. எல்லாரும் ரகு கூட்டிவந்த கம்பெனிக் காண்ட்ராக்ட் ஆட்கள்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு, கதாநாயகியான ஜாஸ்மின் காட்டுக்கு நடுவில் நின்று அழ வேண்டிய காட்சி. எட்டு வயதுப் பிள்ளை, ஆனால் அந்த இடத்திலேயே தொழில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கண்ணில் அவளுக்குத் தண்ணீர் கோத்துக்கொண்ட நேரம், பக்கத்துக் கம்பெனியில் சைரன் ஊதியது. தீ விபத்து ஒத்திகை. அடுத்த கணம் எட்டு மரங்களும் கிளையை இறக்கிவிட்டு நடந்தன. மான்கள் பின்னால் நடந்தன. கரடியும் நடந்தது. ஓடக்கூடாது, தள்ளக்கூடாது, ஒற்றை வரிசை, திறந்த வெளியில் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது.

"யோவ், காடு எங்கய்யா போகுது?" என்று கத்தினார் வசந்தகுமார்.

காடு ரோட்டோரப் பொட்டலில் போய் வரிசையாக நின்று எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து, பதினொண்ணு. சைரன் நின்றது. டைரக்டர் மூச்சு வாங்க ஓடிவந்து எல்லாரையும் திரும்பி வரச் சொன்னார். யாரும் அசையவில்லை.

"பதினொண்ணுதான் சார் இருக்கு" என்றார் கரடிக்குள்ளிருந்து நம்பிராஜன். "புலியக் காணும். தலக்கணக்கு சரியாவாம எப்படி சார் உள்ள போக?"

புலி புதரில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மரங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்திய பிறகுதான் படப்பிடிப்பு தொடர்ந்தது. அதற்குள் ஜாஸ்மினின் கண்ணீர் காய்ந்து, அவள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்தான் பெரிய காட்சி. சிறுமி ஓட, வெறிபிடித்த கரடி துரத்த வேண்டும். நடுவில் ஒரு வண்டிப்பாதை குறுக்கே வருகிறது. ஜாஸ்மின் தாண்டி ஓடினாள். பின்னால் உறுமிக்கொண்டு வந்த கரடி பாதை ஓரத்தில் சட்டென்று நின்றது. வலப்பக்கம் சுட்டியது. இடப்பக்கம் சுட்டியது. நேரே சுட்டியது. பிறகு மறுபடி வெறிபிடித்து ஓடியது.

"கட்! என்னய்யா பண்ற?"

"மன்னிச்சிருங்க சார். கை தானா போயிட்டு."

இரண்டாம் முறையும் போனது. ஐந்தாம் முறையும் போனது. முகம் தெரியும் அந்த ஷாட்டை நினைத்துக்கொண்டு நம்பிராஜன் பல்லைக் கடித்து ஓடிப் பார்த்தார். பாதையைக் கண்டதும் இடது கால் விரல் ஐந்தும் பூட்ஸுக்குள் சுருண்டுகொண்டன, உடம்பு நின்றது. ஒன்பதாம் முறை, கரடியின் கைகளை உள்ளேயே இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். கரடி மூக்கால் சுட்டியது. கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

"அங்கிள், கரடிக்கெல்லாம் ரூல்ஸ் கெடையாது" என்று ஜாஸ்மின் பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

"தெரியுதும்மா. இந்தக் காலுக்குத் தெரியலயே."

பதினான்காவது முறை ஜாஸ்மினுக்கே அலுத்துவிட்டது. பாதையைத் தாண்டி ஓடியவள் நின்று, திரும்பி, கரடிக்காகத் தானே வலமும் இடமும் சுட்டி, "எல்லாம் ஓகே, வா!" என்று கத்திவிட்டு மறுபடி பயந்து ஓடினாள். வெளிச்சம் போய்விட்டது. வசந்தகுமார் தொப்பியைத் தரையில் அடித்து, "பேக்கப்" என்றார்.

மறுநாள் காலை ஃபாரஸ்ட் கார்டின் காக்கிச் சட்டையை ரகு போட்டுக்கொண்டு நின்றான். "நான் இன்னா பண்றது நம்பி? உன்னப் பாத்தாலே டைரக்டருக்குக் கோவம் வர்து. பக்கத்துல நின்னுகினு இருந்தேன், மாட்டி வுட்டுட்டாரு." வெற்றிலை மென்ற வாயோடு அவன் கையசைத்தது ஒரே தடவையில் ஓகே ஆனது. ஒழுங்கு செய்த மீசையோடு நம்பிராஜன் தைலமரத்தடியில் நின்று பார்த்தார். அழ வேண்டும்போல இருந்தது. வேடிக்கை பார்க்க நூறு பேர் நின்றதால் அழவில்லை.

படம் இந்தக் கோடை விடுமுறையில் வெளிவந்தது. வள்ளியூர் தியேட்டருக்கும் வந்தது. நம்பிராஜன் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். மகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வீட்டு வாசலில் மதிவதனியோடு ஆறு பிள்ளைகள் தலைவாரிப் பூ வைத்து நின்றன. நடுவில் வேல்விழி. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது? படத்துல மூஞ்சி தெரியுமா?"

நம்பிராஜன் மாடத்தியைப் பார்த்தார். மாடத்தி மேகத்தைப் பார்த்தாள். "பாப்பமே" என்றார் நம்பிராஜன்.

தியேட்டரில் ஏழு பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். நம்பிராஜன் ஓரத்தில் உட்கார்ந்து, வெளியே போகும் கதவு எங்கே என்று முதலில் பார்த்து வைத்தார். பேரும் ஊரும் ஓடிய எழுத்துகளில் அவர் பெயர் இல்லை. மரங்கள் பேசின. புலி குறட்டை விட்டது. அடுத்து காட்சி மாறியது. ஜாஸ்மின் ஓடினாள், கரடி துரத்தியது. வெட்டியெறிய வழியில்லாமல் டைரக்டர் அந்தப் பதினான்காவதையே அப்படியே வைத்திருந்தார். மத்தளம் முழங்க வந்த கரடி பாதை ஓரத்தில் நின்றது. மத்தளமும் நின்றது. வலப்பக்கம் சுட்டியது.

தியேட்டர் சிரிப்பதற்கு முன்னால், இடப்பக்கம் சுட்டுவதற்கும் முன்னால், மதிவதனி நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"எங்கப்பா! அது எங்கப்பா!"

"மூஞ்சியே தெரியல, எப்படிச் சொல்லுத?" என்றாள் வேல்விழி.

"எங்கப்பாவத் தவிர எந்தக் கரடிட்டி இப்படிக் கடக்கும்?"

வேல்விழி திரையைப் பார்த்தாள். கரடி நேரே சுட்டிக்கொண்டிருந்தது. காலையில் தெருவைக் கடந்தபோது அதே கையை அவளும் பார்த்திருந்தாள். மெல்லத் திரும்பி, வரிசைக் கடைசியில் இருந்த மனிதரை வாயைப் பிளந்து பார்த்தாள். அதற்குள் தியேட்டரே சிரித்து உருண்டுகொண்டிருந்தது. ஜாஸ்மின் "எல்லாம் ஓகே, வா!" என்று கத்தியபோது முன்வரிசைக் குழந்தைகளும் சேர்ந்து கத்தின. நம்பிராஜனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. இருட்டுதானே என்று அன்று ஆசை தீர அழுதார். மாடத்தி முந்தானையை நீட்டினாள். பிறகு அதை அவளே வாங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படம் விட்டதும் பஸ் ஏற ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. நம்பிராஜன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்துக்கொண்டே, பூட்ஸ் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறிய நாளுக்குப் பிறகு முதல் முறையாக, நிற்காமல் ரோட்டில் கால் வைத்தார்.

மதிவதனி அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "எப்பா! ரைட் பாக்கல."

ஒரு மினி லாரி உரசிக்கொண்டு போனது. நம்பிராஜன் ஓரத்தில் ஒதுங்கி நின்றார். அவருக்கு இரு பக்கமும் ஏழு பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று கையை நீட்டின. முதலில் சத்தமாக "ரைட் ஓகே" சொன்னது வேல்விழி.