தலையோடு வந்த மீன்

பிரம்மதேசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெய்வநாயகிக்குக் காது மடல் சுட்டது. நேற்று இதே தெருவில்தான் ஜெயா அவள் மீன்கூடையைக் காலால் தள்ளிவிட்டாள். ஜெயாவின் மாமனார் தொண்டையில் முள் சிக்கி, ரத்தம் துப்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம். முள் குறைந்த மடவை என்று சொல்லி முள்மீனை விற்றுவிட்டாளாம். இனி இந்த ஊர்ப் பக்கமே வரக் கூடாதாம். இந்தத் தெரு போனால் தெய்வநாயகி வீட்டில் அடுப்பு எரியாது.

இரண்டு மீனுக்கும் உடம்பு ஒரே வெள்ளிதான். அடையாளம் முகத்தில் இருக்கிறது. மடவைக்கு மழுங்கிய மூக்கு, நுனியிலேயே வாய். முள்மீனுக்கு மூக்கு கூராக நீண்டிருக்கும். வாய் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். சதைக்குள் மயிர் மயிராக முள்.

ஆனால் முகத்தைத்தான் இந்த ஊர் வேண்டாம் என்றதே! சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் இங்கே யாரும் மீன் தொடவில்லை. தொட்டபோது, தலையை வெட்டிக் கொண்டு வா என்றார்கள். பிணம் தின்ற வாயைப் பார்த்தால் சோறு இறங்காதாம். தெய்வநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். மரக்காணத்து வியாபாரி கலியமூர்த்தி, கரையிலேயே தலையையும் வாலையும் நறுக்கிக் கொடுத்தான். இன்று காலை அவனிடம் போய்ச் சண்டை போட்டபோது சிரித்தான்.

"தலைய எடுத்துட்டா எல்லாம் ஒரே மீன்தான்க்கா. அவங்க கேட்டாங்க, வெட்டினேன்."

அவன் முகத்தில் கூடையை வீசாமல் வந்ததே பெரிது. முண்டத்தை வாங்கிச் சுமந்த தன் புத்தியையும் அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள்.

ஜெயா வீட்டு வாசலில் கூடையை இறக்கி, ஒரு மடவையையும் ஒரு முள்மீனையும் தலையோடு அருகருகே வைத்தாள். ஜெயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தலையோட கொண்டாராதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"கடல் கொண்டுபோனது எங்க வூட்டுக்காரர. இன்னும் ஒடம்பு கெடைக்கல. நானே தெனம் இதுங்க மூஞ்சியப் பாத்துத்தான் கூடைய ரொப்புறேன். உனக்கென்னா வந்துச்சு? கூர்மூக்குதான் முள்மீனுன்னு தல இல்லாம யாருக்குத் தெரியும்?"

ஜெயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்லக் குனிந்தாள். கூர்மூக்கின் அடியில் இருந்த வாயைப் பார்த்தாள். மடவையைத் தொட்டாள்.

"இதுல ரெண்டு போடு. தலைய வெட்டாத."

தெய்வநாயகி அந்த முள்மீனைத் தூக்கிக் காக்கைக்கு வீசினாள். கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். நேற்றுக் கூடையைத் தள்ளிவிட்ட ஜெயாவின் முகத்தை மட்டும் அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.