சரசு அக்காவும் எங்கள் சுவரில் இருந்த கொசுத்தேனீயும்

முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து வந்த அம்மா, படலைத் திறக்காமலே, "சரசு போயிட்டா கண்ணு. நெஞ்சு வலிக்குதுன்னாளாம், வண்டி வர்றதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இனி அவர் வாயிலிருந்து உண்மையைக் கேட்கவே முடியாது என்றுதான் முதலில் தோன்றியது.

வாழவந்தி நாடு என்கிற எங்கள் மலை ஊரில் சரசு அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. எங்களுக்கு அடுத்த வீடு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பிறகு அவரோடுதான் மிளகு பறிக்கப் போனேன். யாரிடமும் பேசாத என்னிடம் அவரே வலிய வந்தார். "என்ன சாமி, வாய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டயா?" என்றார். சிரித்துவிட்டேன்.

எங்கள் பாகற்கொடி பூக்கும், காய் பிடிக்காது. தேனீ வராததுதான் காரணம் என்று இருவரும் பேசி, என் வீட்டோரம் பூச்செடிகள் வைக்கத் தொடங்கினோம். சந்தையில் நான் அடுக்குச் செண்டுமல்லி நாற்றை எடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "பாக்க நல்லாத்தான் இருக்குது. தேனீ உள்ள போறதுக்கு எடம் வேண்டாமா?" ஒற்றை இதழ்ச் செண்டுமல்லியை வாங்கினோம். துளசிக் கதிரைக் கிள்ள வேண்டாம் என்றேன் நான். கொத்தமல்லியில் பாதியைப் பறிக்காமல் பூக்கவிட்டோம்.

"ரசத்துக்குத் தழை இல்ல, பூச்சிக்கு விருந்து வெக்கறாளுக" என்று அம்மா திட்டினார்.

அடுத்த பருவத்தில் எங்கள் மண்சுவரின் விரிசலில் கொசுத்தேனீ குடியேறியது. கொட்டாத, கொசு அளவே இருக்கும் தேனீ. துளசிக்குப் பின்னால் மறைந்திருந்த அந்த இடத்தை அக்காவுக்கு மட்டும்தான் காட்டினேன்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. மருந்துத் தேனுன்னு செவுத்தப் பேத்துப்போடுவாங்க" என்றார் அவர்.

நானும் அம்மாவும் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது அந்த இடம் பேர்க்கப்பட்டு, புது மண் வைத்துப் பூசப்பட்டிருந்தது. "எலி நோண்டியிருக்கும்" என்றார் அக்கா. எலி மண் பூசுமா? அவர் குனிந்தபோது, கூந்தலில் கூட்டுப் பிசினோடு சிக்கிச் செத்திருந்த கொசுத்தேனீக்களைப் பார்த்தேன். ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி புடிக்கோணும், வாரேன்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகும் வந்தார், பேசினார், சிரித்தார். ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்தபடியே, "வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"எதுங்க்கா?" என்றேன். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நின்றேன்.

"பஸ்தான். வேறென்ன?" என்றார்.

அவர் நல்லவர் என்று துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். எனக்கும் நல்லவராகத்தான் இருந்தார். அதனால்தான் ஆறவில்லை. தேன் வேண்டும் என்று கேட்டிருந்தால் நானே சுவரைப் பேர்த்துக் கொடுத்திருப்பேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தோட்டம் ஒன்றுதான். அதையும் பிடுங்கி எறியத்தான் நேற்றுப் போனேன். முதல் செடியின் தண்டைப் பிடித்தபோது பூவில் ஒரு தேனீ இருந்தது. சுவரில் இருந்த இனம் அல்ல, பெரியது. அது போகட்டும் என்று நின்றேன். அது போவதற்குள் இன்னொன்று வந்தது.